இரவல் சீட்டு: கிளிநொச்சியில் ஒரு கலைக்கூடம் திறக்க முன் தீர்க்கவேண்டியவை

போரின் கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை போய் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் வழியாகத் திரும்பிய குடும்பம் ஒன்றிடம் கலியாணப் படம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. வன்னியில் சமகாலக் கலைக்கூடம் தொடங்குகிறவர்கள் முதல் காட்சிக்காகத் தட்டப்போவது இப்படியான வீடுகளின் படலையைத்தான். ஆகவே கூடத்தின் நோக்கம், விழுமியம் என்று எதை எழுதினாலும் அது முதலில் அந்த வீட்டாரின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்: படத்தைத் தந்தால் எப்போது, எந்த நிலையில், யார் கையில் திருப்பித் தருவீர்கள்?

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் கூடம். திறந்து நடத்தி முடிந்த ஒன்றின் கதையாக இதை வாசிக்கவேண்டாம். திறக்க முன் தாளில் தீர்க்கவேண்டிய கணக்கு இது. கிளிநொச்சி நகரில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதியோரம், 30 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள வாடகைக் கட்டடம். சிமெந்துக் கல் சுவர், சீற் கூரை, முன்பக்கம் முழுவதும் இழுவைக் கதவு. முதல் காட்சி ஆறு வாரம்: சட்டமிட்ட ஓவியங்களும் பிரதிப் படங்களுமாக 20, வீடுகளிலிருந்து வரும் பொருள்கள் 12.

முன்னே நடந்தவை

இலங்கையில் ஓவியர்கள் தங்களுக்கென்று இடம் தேடிய கதை புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். கொழும்பில் '43 குழு' 1943இல் கூடியது. அதில் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த பார்ன்ஸ் பிளேஸ் வீடு பின்னர் சபுமல் அறக்கட்டளையாகி, அந்தக் குழுவின் படைப்புகளை இன்றும் வீட்டுச் சுவரிலேயே வைத்திருக்கிறது. இது சேர்த்துக் காக்கும் வழி. 2009இல் கொழும்பில் தொடங்கிய சஸ்கியா பெர்னாண்டோ கலரி விற்பனை வழி: ஓவியரை எடுத்து நிறுத்தி, வாங்குபவரிடம் கொண்டுபோவது. 2000இல் உருவான தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு மூன்றாவது வழி: கலைஞர்களே கூடிப் பட்டறையும் காட்சியும் நடத்துவது. 2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சுவர் எழுத்து வைத்துத் தொடங்கியது. முதல் காட்சிக்கான தலைப்பையே சேரனின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்தது.

இவற்றில் எதை அப்படியே தூக்கிக் கிளிநொச்சியில் வைத்தாலும் பொருந்தாது. சேர்க்கிற கூடத்துக்குக் குளிரூட்டிய களஞ்சியமும் நிரந்தரச் சம்பளமும் வேண்டும். விற்கிற கூடத்துக்கு வாங்குகிறவர்கள் வேண்டும். இந்த மண்ணுக்கு நெருக்கமான முன்மாதிரிகள் கட்டடமே இல்லாமல் நடந்த இரண்டு வேலைகள். 2005 தொடக்கம் 2007 வரை முகன்னத் காதர், தா. சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய ஓவியர் நால்வரும் ஒருவர் வரைந்ததற்கு மற்றவர் வரைந்து பதில் சொல்லும்படி மாறிமாறி அனுப்பிக்கொண்டார்கள். 208 வரைபடங்கள் சேர்ந்தன. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டுப் போர் திரும்பவும் மூண்ட அதே காலம் அது. இரண்டாவது, சனாதனன் 2011இல் வெளியிட்ட 'முடிவுறாத் தோம்பு'. இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டின் நிலப்படத்தைத் தங்கள் கையாலேயே நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். கட்டடக் கலைஞரின் அளவுப்படமும் ஓவியரின் சித்திரமும் அதனுடன் சேர்ந்தன. காணியைப் பதிய ஒல்லாந்தர் வைத்த தோம்பு, இங்கே காணியை விட்டு வந்தவர்களின் ஏடாகிறது. மூலப்பொருளை யாரிடமிருந்தும் பறிக்காமல், நினைவை வாங்கி, பெயரோடும் மரியாதையோடும் வைத்த வேலை. வன்னிக் கூடம் கற்கவேண்டியது இதிலிருந்துதான் என்பது எங்கள் உறுதியான கணிப்பு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியில் பயணிகள் இறங்கிப் பார்த்துப் படமெடுத்துப் போன முதல் காட்சிப்பொருள், சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி. அதை அங்கே காட்சிக்கு விட்டதும், பக்கத்தில் என்ன எழுதுவதென்று தீர்மானித்ததும் இந்த ஊர்ச் சனங்கள் அல்ல. தன் ஊரைத் தானே காட்டுவதற்கு ஒரு சுவர் என்பது இங்கே ஆடம்பரம் ஆகாது.

நோக்கத்தை எழுதுவது

'சமகாலக் கலையை ஊக்குவித்து உரையாடலை உருவாக்குதல்' என்று எழுதினால் வருட முடிவில் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. எண்ணக்கூடிய வினைச்சொற்களால் எழுதவேண்டும். மாதிரிக் கூடத்துக்கு ஐந்து வசனம் போதும்:

இந்தக் கூடம் பொருள் சேர்க்காது. இரவல் வாங்கும், குறித்த நாளில் திருப்பும். வருடத்துக்கு மூன்று காட்சி வைக்கும், அதில் ஒன்று இதுவரை எங்குமே காட்டாதவருடையதாக இருக்கும். எல்லா எழுத்தும் தமிழில் தொடங்கும். பார்க்க வருபவரிடம் பணமும் முகவரியும் கேட்காது.

மூன்று காட்சி என்பது காலநிலையும் வயலும் சேர்ந்து தீர்மானித்த எண். ஒக்டோபர் நடுவிலிருந்து தை வரை மாரி. சுவர் வியர்க்கும் காலம், அப்போது காட்சி வேண்டாம். காலபோக அறுவடை ஓய்ந்து கையில் நேரமும் கொஞ்சம் காசும் புழங்கும் மாசி, பங்குனி முதலாவதுக்கு நல்லது. வைகாசியில் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 வருகிறது, வற்றாப்பளைப் பொங்கல் வருகிறது. அந்த வாரங்களில் திறப்பு விழா வைப்பது ஊரின் மனநிலையோடு மோதும். ஆனி, ஆடியில் சோளகம் புழுதியை அள்ளி வரும் என்றாலும் உள்ளே நிலைமை ஓரளவு சீராக இருக்கும், இரண்டாவதை அப்போது வைக்கலாம். மூன்றாவது ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் தொடங்கலாம். சித்திரம் ஒரு பாடமாக எடுக்கும் மாணவர்களே பெரும் பார்வையாளர் கூட்டம் என்பதால், மற்ற நாட்களில் பிற்பகல் 2 மணி தொடக்கம் 6 மணி வரை திறந்தால் போதும்.

கட்டடம்

சுவரை அளந்தவுடன் முதல் திட்டம் உடைகிறது. சுற்றளவு 96 அடி. முன்பக்க 18 அடி கதவுக்குப் போக 78. பின்கதவுக்கு 4, மின்பலகைக்கும் மூலைகளுக்கும் 6 கழித்தால் 68 அடி. இரண்டு அடி அகலச் சட்டம் ஒன்றுக்கு இரண்டு அடி இடைவெளி விட்டால் ஒன்றுக்கு நாலு அடி. 17தான் கொள்ளும். மீதி மூன்றையும் நெருக்கித் திணிப்பது எல்லோரும் செய்யும் பிழை. பிறகு எந்தப் படமும் தனித்துத் தெரியாது. மூன்றை விட்டுவிடுங்கள்.

வாசல்படி ஒரு அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. சக்கர நாற்காலியிலும் செயற்கைக் காலிலும் நடமாடுபவர்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில் இதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. நடுவில் வைக்கும் மேசைகளுக்கிடையே 5 அடி விட்டால் நாற்காலி திரும்பும். மேசை உயரம் 75 சென்ரிமீற்றர். இருந்தபடியே கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

உட்குழிவான சிமெந்துக் கல்லில் திருகைப் பிடிக்கும் றோல் பிளக் அடித்தால் சில நாளில் சுழலத் தொடங்கும். பாரமான சட்டம் இரவில் விழும். அதோடு வாடகைச் சுவரில் ஒவ்வொரு காட்சிக்கும் துளை போட உரிமையாளர் விடமாட்டார். எட்டடி உயரத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு அலுமினியப் பட்டை, இரண்டு அடிக்கு ஒரு திருகு, தூண் வரும் இடமெல்லாம் தூணிலேயே பிடிக்கவேண்டும். அதிலிருந்து கம்பியில் தொங்கவிட்டால் துளை ஒருமுறைதான்.

கறையான் தரையிலிருந்து மண்குழாய் கட்டி ஏறும். சட்டமோ பெட்டியோ எதுவும் நிலத்தைத் தொடக்கூடாது. களஞ்சியத் தட்டு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் உயர்ந்தும் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் விலகியும் நிற்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை டோர்ச் லைற்றைச் சுவரடியோடு சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் குழாய் நிழலாகத் தெரியும். எறும்புக்காகச் சாப்பாட்டு அலுமாரிக் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதை இங்கே செய்யவேண்டாம். நீராவியே காகிதத்துக்குக் கேடு.

குளிரூட்டி பற்றிப் பலரும் கேட்பார்கள். பகலில் நாலு மணிநேரம் போட்டு இரவில் நிறுத்தும் குளிரூட்டி, எதுவுமே இல்லாததைவிடக் கெடுதல். காகிதமும் கன்வஸும் ஒவ்வொரு நாளும் சுருங்கி விரியும், நிறம் வெடிக்கும், மின் போன நேரத்தில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் நீர் கட்டும். காற்றோட்டமும் இரண்டு மின்விசிறியும் சீற்றுக்குக் கீழே ஒரு உட்கூரையும் நம்பத்தக்கவை. ஒரு ஈரப்பதமானியைக் கதவுக்குத் தூரமாக வைத்துக் காலையும் மாலையும் எழுதுங்கள். 65 வீதத்துக்கு மேலே தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்க வாய்ப்புண்டு. மாரியில் வன்னியில் அது 80ஐத் தாண்டும். அந்தக் காலத்தில் காட்சி வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். வெளிச்சுவரில் தொங்கும் சட்டத்தின் கீழ் மூலைகளில் ஒரு சென்ரிமீற்றர் இறப்பர்த் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும்.

வெளிச்சத்தில்தான் திருப்பித் தரமுடியாத சேதம் நடக்கிறது. நீர்வர்ணம், நிறப்படம், சேலை போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் வர்ணத்துக்கு 200. ஒரு நாளைக்கு நாலு மணிநேரம், அறுபது நாள் என்றால் 50 லக்ஸில் 12,000 லக்ஸ்-மணி. இழுவைக் கதவைத் திறந்து விட்டு மத்தியான வெளிச்சம் 2,000 லக்ஸாகப் படத்தில் விழுந்தால் அதே 12,000 ஆறு மணிநேரத்தில் முடிந்துவிடும். இரண்டு மாத ஆயுளை ஒரு பகலில் எரிக்கிறோம். கதவுக்கு உள்ளே ஆறடி தள்ளி ஒரு தடுப்புச் சுவர் நிறுத்தினால் இது தீரும். வழிகாட்டி எழுத்தையும் அதிலேயே வைக்கலாம்.

இரவல்

ஒரு வீட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கும் படத்தைக் கூடத்துக்கு எடுத்து வரக்கூடாது, வீட்டார் மனமுவந்து தந்தாலும். காப்புறுதி சந்தை விலைக்குத்தான் பணம் கொடுக்கும். காணாமற்போன மகனின் ஒரே படத்துக்குச் சந்தை விலை இல்லை. தொலைந்தால் ஈடு செய்வோம் என்று எழுதிக் கொடுப்பது பொய் வாக்கு. ஆகவே பிரதியெடுக்கும் கருவிதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

மடிக்கணினியிலிருந்தே மின் எடுக்கும் தட்டையான ஸ்கானர் போதும். ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 1,200 வைத்தால் ஐந்தரைக்கு ஏழு அங்குலம் கிடைக்கும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் நிறைய வரும். ஈரத்தில் கிடந்து காய்ந்தவை அப்படித்தான் இருக்கும். உரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே எடுங்கள். லமினேற் செய்ததைப் பிரிக்கக்கூடாது. பளபளப்பு விழுந்தால் இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கமராவால் எடுக்கலாம். பசைத்தாள் அல்பத்திலிருந்து கழற்றவேண்டாம், பக்கத்தோடேயே தட்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு அச்சுப் பிரதி வீட்டாருக்கு. கூடம் தரும் முதல் பொருள் அதுதான்.

காணி உறுதி, அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், காணாமற்போனோர் முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றின் மூலத்தைத் தொடவே வேண்டாம். நாளைக்கே பிரதேச செயலகத்தில் மூலம் கேட்பார்கள். வெடிபொருள் போலத் தோன்றும் எந்த இரும்பையும் வாங்கக்கூடாது, வெற்றுக் கோது என்று சொன்னாலும். கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு அறிவிப்பதுதான் ஒரே வழி.

மிகுதிப் பொருள்கள், ஒரு குடம், பாடசாலைப் பை, சேலை, திறப்புக் கோர்வை போன்றவை, இரவல் சீட்டோடு வரலாம். சீட்டு இரண்டு பிரதி, ஒன்று வீட்டில். எழுதவேண்டியவை: பொருள், என்னத்தால் ஆனது, உயரம் அகலம் சென்ரிமீற்றரில், ஏற்கெனவே உள்ள கீறல், கறை, துரு; முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை என ஆறு படம், வீட்டார் பார்த்திருக்க எடுத்தது; சுவரில் எந்தப் பெயர் வரவேண்டும், அல்லது பெயரே வேண்டாமா; பார்ப்பவர்கள் படமெடுக்கலாமா; திருப்பும் திகதி; அன்று வீட்டில் ஆளில்லாவிட்டால் யாரிடம் கொடுப்பது; இடையில் மனம் மாறினால் அதே நாளில் இறக்கித் தரப்படும் என்ற வசனம். கடைசி வசனத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்து வைக்க வாசிப்பு வராத அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சீட்டு ஒரு காகிதம்தான், சொன்ன வாய்தான் சாட்சி.

அடையாளத் துண்டைப் பருத்தி நூலால் கட்டுங்கள், பென்சிலால் எழுதுங்கள். வெயிலில் ஸ்ரிக்கரின் பசை உருகி ஊறும். பேனை மை ஈரத்தில் பரவும். சேலையை மடிக்காமல் துணி சுற்றிய குழாயில் உருட்டினால் மடிப்பில் கிழியாது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் கையிலேந்திய படங்களை நாடே அறியும். அந்தப் படங்கள் அவர்களின் கேள்வி. அவற்றைக் கலைப்பொருளாகச் சுவரில் வைக்க எந்த ஓவியருக்கும் தன்னுரிமை கிடையாது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கவேண்டும். போன வருடம் சம்மதித்தார் என்பது இந்த வருடச் சம்மதம் ஆகாது.

சீட்டுகள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். பார்வையாளர் புத்தகத்தில் முகவரி, தொலைபேசி நிரல் வேண்டவே வேண்டாம். யார் வந்தது, யார் தந்தது என்று விசாரித்து ஆட்கள் வரக்கூடும். இல்லாத பட்டியலை யாரும் எடுத்துப் போகமுடியாது.

தொங்கவிடுவதும் எழுதுவதும்

படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றரில் வருவது உலக வழக்கம். மாணவர்களும் இருக்கையில் வருபவர்களும் அதிகம் என்றால் 140 எடுங்கள். கொழுவி எங்கே வரும் என்பதற்குக் கணக்கு: நடு உயரத்தோடு சட்ட உயரத்தின் பாதியைக் கூட்டி, சட்டத்தின் முதுகில் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து அது எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 சென்ரிமீற்றர்ச் சட்டம், கம்பி 8 கீழே என்றால் 140 + 30 – 8 = 162. ஒரு கொழுவியைவிட இரண்டு நல்லது. மின்விசிறிக் காற்றில் சரியாது. நிலத்தை நம்பி அளக்கவேண்டாம், வாடகைக் கட்டட நிலம் மட்டமாக இராது. தண்ணீர் நிரப்பிய லெவல் ரியூப்பால் சுவர் முழுவதும் ஒரு கோடு எடுத்து அதிலிருந்து அளவுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஓவியங்கள் பட்டா எனும் சிறு லொறியில் வரும்போது நிமிர்த்தி, முகத்தோடு முகம், முதுகோடு முதுகு வைத்துக் கட்டவேண்டும். எண்ணெய் வர்ணத்தின் மேல் குமிழ்த்தாளை நேரே சுற்றினால் வெயிலில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும்; உள்ளே வெண்ணெய்த்தாள் வேண்டும். கண்ணாடிக்கு மேல் காகித ரேப்பைக் குறுக்குமறுக்காக ஒட்டினால் உடைந்தாலும் ஓவியத்தில் குத்தாது. கன்வஸை உருட்டினால் வர்ணம் வெளிப்பக்கம் இருக்கவேண்டும்.

சுவர் எழுத்தில் தமிழ் முதலில், பிறகு சிங்களம், ஆங்கிலம். தமிழ் குறைந்தது 24 புள்ளி. பாமினியில் தட்டச்சிட்ட கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது முழுவதும் ஆங்கிலக் குறிகளாக வரும்; திறப்பு நாளுக்கு முதல் நாள்தான் அது தெரியவரும். யூனிகோட்டில் எழுதி, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎவ் ஆக அனுப்புங்கள். ஓவியத்தின் தலைப்பை மொழிபெயர்க்க முன் ஓவியரைக் கேட்கவேண்டும். 'ஊர்' என்ற சொல்லை 'கிராமம்' என்று மாற்றிவிட்டால் படமே மாறிப்போகிறது.

விற்பனை நடந்தால் வணிகக் கூடங்கள் பாதிவரை எடுப்பதுண்டு. மாதிரிக் கூடம் 20 வீதம் எடுத்து, மிகுதியை முப்பது நாளுக்குள் ஓவியர் கையில் கொடுக்கவேண்டும். வீடுகளிலிருந்து வந்தவை எந்த விலைக்கும் விற்பனைக்கில்லை. அந்த மேசைக்கும் விலைப்பட்டியல் உள்ள சுவருக்கும் இடையில் தெளிவான இடைவெளி வேண்டும், பார்ப்பவர் குழம்பாமல்.

திருப்பித் தருதல்

காட்சி முடிந்த மறுநாள் ஓவியங்களுக்கு முன்னே வீட்டுப் பொருள்களை இறக்குங்கள். ஓவியர் ஒரு கிழமை பொறுப்பார். ஆறு படத்தையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, புதிய கீறல் இருந்தால் மறைக்காமல் சீட்டிலேயே எழுதுங்கள். பொருளை வாங்கிய ஆளே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. முகம் மாறினால் வீட்டார் தயங்குவார்கள். 12 வீடு, ஒரு நாளைக்கு நாலு வீடு, மூன்று நாள். புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் பரந்தன் சந்தியால் திரும்பும் பாதைக்கு ஒரு நாள் தனியாக வையுங்கள். வீடு பூட்டியிருந்தால் அயலில் விட்டுவிட்டு வரவேண்டாம். சீட்டில் எழுதிய மாற்று ஆளிடம் மட்டும். அவரும் இல்லையென்றால் பொருள் கூடத்துக்கே திரும்பி வந்து, அதே நாள் தொலைபேசியில் சொல்லி, புதுத் திகதி குறிக்கப்படும். வீட்டார் தங்கள் பிரதியை எடுத்து வந்து இரண்டிலும் 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்திடும் வரை அந்தக் காட்சி முடிந்ததாகக் கணக்கெடுக்கக்கூடாது. அடுத்த காட்சிக்கான அறிவித்தல், பன்னிரண்டாவது கையெழுத்து வந்த பிறகுதான் அச்சகத்துக்குப் போகவேண்டும்.